அதே கிழிசலோடு வரச் சொன்னார்கள்

பலாங்கொடை பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண்மணி என் கையில் மீன் அடைத்த மாலுபான் பணிஸ் பொட்டலம் ஒன்றைத் திணித்தார்.

எனக்கு அவரைத் தெரியாது. கிளினிக் போய்விட்டுத் தோட்டத்து பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். நல்ல சேலைதான் கட்டியிருந்தேன். காலில் செருப்பு இருந்தது. கையில் குடை இருந்தது. பசிக்கிறது என்று யாரிடமும் சொல்லவில்லை.

"அனே பவ் அம்மே... மேக கன்னகோ" என்றார். ஐயோ பாவம் அம்மா, இதை வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்.

எதற்கு என்று சிங்களத்திலேயே கேட்டேன். அவர் தன் போனைத் திருப்பிக் காட்டினார்.

போனில் நான் இருந்தேன்.

பாக்கு மட்டையில் உட்கார்ந்து மலையில் சறுக்கி வருகிறேன். முகம் கோணிக்கொண்டு போகிறது. கண்ணை இறுக்கி மூடியிருக்கிறேன். பின்னால் ஒரு வயலின் அழுகிறது. கீழே, தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்து: விளையாட ஒரு பொருள் கூட இல்லாத தோட்டத்து மக்கள், பார்த்துவிட்டுக் கடந்து போகாதீர்கள்.

அந்தப் பெண்மணிக்குக் கண் கலங்கியிருந்தது. அவருடைய பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார். மாலுபான் என் கையில் இருந்தது. சூடாக.

முகம் ஏன் கோணியது என்று சொல்லிவிடுகிறேன். புல்லுப் பூ கண்ணில் விழுந்துவிட்டது. அவ்வளவுதான்.

அதற்கு வயலினா?

*

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். சுற்றி வளைத்து எழுத வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எங்கள் தோட்டத்துக் கடைசித் தேயிலை மலைக்கு மேலே, டர்பன்டைன் மரங்களையும் தாண்டினால், வெறும் புல்மலை. ஆள் உயரத்துக்கு மானாப்புல். மழைக்காலம் முழுக்க அங்கே அட்டையைத் தவிர ஒரு ஜீவன் இருக்காது. தைப்பொங்கல் முடிந்து, மழை விட்டு, கொஞ்சம் வெயில் அடித்தால் புல் நுனி மஞ்சளாகத் தொடங்கும். அன்றைக்கே லயத்து வரிசை வீடுகளில் பேச்சு கிளம்பிவிடும்.

"மேல புல்லு காஞ்சிருச்சா?"

காய்ந்திருக்காது. நுனி காய்ந்திருக்கும், அடியில் ஈரம் இருக்கும். மாசி வரை பொறுத்தால் சறுக்கு நன்றாக இருக்கும். ஆனால் மாசியில் எவனாவது தீ வைத்துவிடுவான். மலையே கறுத்துப் போகும். அதோடு சீசன் முடிந்தது. அதனால் முதல் வெயிலுக்கே ஏறிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். ஈரப் புல்லில் மட்டை திடீரென்று பிடித்துக்கொள்ளும். மட்டை நிற்கும், நீங்கள் நிற்க மாட்டீர்கள். அதுவும் ஒரு ருசிதான்.

மட்டை முன்பே தயாராக இருக்கும். கமுகு மரம் மட்டையைக் கழற்றிப் போடும்போதெல்லாம் பொறுக்கி வந்து அடுப்புக்கு மேலே அடுக்கி வைப்போம். போவதற்கு முதல் நாள் மலை ஊற்றுப் பீலித் தண்ணீரில் ஊறப் போட வேண்டும். ஊறாத மட்டை பாதி மலையில் வெடிக்கும். வெடித்தால், மிச்ச மலையைச் சொந்த உடம்பில்தான் இறங்க வேண்டும்.

அடுத்தது உடுப்பு. இந்தக் கதையே அதில்தான் இருக்கிறது.

மானாப்புல்லின் ஓரம் பிளேடு மாதிரி. நல்ல துணி போட்டுக்கொண்டு போனால் ஒரே சறுக்கில் நாசம். அதனால் வீட்டில் இருப்பதிலேயே கந்தலான துணியைச் சறுக்குக்கென்று எடுத்து வைப்போம். வருஷம் போகப் போக அது போட்டியாகவே ஆகிவிட்டது. மேலே ஏறியதும் எல்லோரும் வரிசையாக நிற்க வேண்டும். யாருடைய துணி அதிகம் கிழிந்திருக்கிறது என்று பார்ப்போம். ஜெயித்தவருக்குப் பெரிய மட்டை. தோற்றவர் ரொட்டிப் பையைச் சுமக்க வேண்டும்.

எங்கள் வீட்டுக்காரர்தான் ஒவ்வொரு வருஷமும் ஜெயிப்பார். அவருடைய சட்டையில் கொலரும் பொக்கெட்டும் மட்டும்தான் சட்டை. மற்றதெல்லாம் காற்று. வேறு யாரும் அதைத் தொட முடியாது. துவைக்கக்கூட எனக்கு அனுமதி இல்லை... துவைத்தால் இருப்பதும் போய்விடுமாம்.

*

இந்த வருஷம் வீட்டுக்குப் புது ஆள். மகள் வசந்திக்குப் போன ஆவணியில் கல்யாணம் முடித்தோம். மாப்பிள்ளை ரூபன் வத்தளைக்காரர். கொழும்பில் ஒரு கப்பல் கம்பெனியின் ஒபிஸில் வேலை. பொங்கலுக்கு வந்தவர் ஞாயிற்றுக்கிழமை வரை நின்றார். மலைக்குப் போகிறோம் என்றதும் புது ட்ராக் சூட்டும் வெள்ளைச் சப்பாத்துமாகக் கிளம்பி வந்து வாசலில் நின்றார்.

வீட்டுக்காரர் அவரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

"மாப்பிள்ளை, கல்யாணத்துக்கா போறோம்? இந்தச் சப்பாத்தப் பாத்தா அட்டைகூட வெக்கப்பட்டு ஓடிப் போயிருமே."

"பரவாயில்ல மாமா. போட்டோவுக்கு நல்லா இருக்கும்."

"போட்டோவுக்கு நல்லா இருக்கும். பொறவு சப்பாத்த நாங்க அடக்கம் பண்ணிக்கிறோம்."

அட்டை ஏறாமல் இருக்கக் காலுக்கு எல்லோரும் சவுக்காரம் தேய்த்துக்கொண்டோம். மாப்பிள்ளை சப்பாத்துக்கு மேலேயும் தேய்த்தார். நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டோம். மாப்பிள்ளை அல்லவா.

கூட வந்த இன்னொரு ஆள் தனு. என் தங்கச்சி மகள். பக்கத்து வீடு. பத்து வயது. இத்தனை வருஷமும் என் மடியில் உட்கார்ந்துதான் சறுக்கியிருக்கிறாள். இந்த வருஷம் தனி மட்டை கேட்டாள். கொடுத்தோம். வழி முழுக்க அதை யாரிடமும் தராமல் தானே தலையில் வைத்துக்கொண்டு ஏறினாள்.

மேலே வந்ததும் வரிசையில் நின்றோம். மாப்பிள்ளைதான் கடைசி. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தனு போட்டிருந்த பழைய சட்டையில், தோளிலிருந்து இடுப்பு வரை ஒரு பெரிய கிழிசல். பெரியப்பாவை ஜெயித்துவிடுவாளோ என்று எனக்கே தோன்றியது. வசந்தி கிட்டப் போய் அந்தக் கிழிசலைக் கையில் பிடித்துப் பார்த்தாள்.

"அடியே... இது தானாக் கிழிஞ்சது இல்ல. கத்திரி."

"இல்லக்கா! முள்ளு இழுத்துச்சி."

"முள்ளு என்ன, ரூலர் வச்சு இழுத்துச்சா? நேர் கோடா இருக்கு!"

"கள்ள ஆட்டம்!" என்றார் வீட்டுக்காரர். "இந்த வருசம் ஒன்ன வெலக்கி வச்சாச்சு."

தனு சிரித்த சிரிப்பில் குற்றம் ஒத்துக்கொள்ளப்பட்டது. பெரிய மட்டை வழக்கம் போல அவருக்கே போனது.

முதல் சறுக்கு வீட்டில் மூத்தவருக்கு. அதற்கு முன்னால் அவர் மலையை ஒரு முறை வெறுங்காலால் நடந்து பார்ப்பார். கல் தட்டுப்படும் இடத்தில் புல்லைப் பிடித்து முடிச்சுப் போட்டு வைப்பார். மேலேயிருந்து பார்த்தால் குடுமி மாதிரி தெரியும். குடுமி இருக்கும் பக்கம் போகக் கூடாது. பிறகு பெரிய மட்டையில் உட்கார்ந்து புல்லை அமுக்கிக்கொண்டே இறங்கித் தடம் போடுவார். கீழே போய்ச் சேர்ந்து "வரலாம்!" என்று கத்தினால்தான் மற்றவர்கள் இறங்கலாம்.

இரண்டாவது, புது மாப்பிள்ளை. அவர் தயாரா என்று கேட்கக் கூடாது. பின்னாலிருந்து தள்ளிவிட வேண்டும். அது மரியாதை.

தள்ளினோம். வசந்தி மேலேயிருந்து தன் போனில் படம் எடுத்தாள். மலை அதிர "அம்மா!" என்று ஒரு சத்தம் போட்டார். பாதியில் மட்டை ஒரு பக்கம் போனது, அவர் ஒரு பக்கம் போனார். எழுந்தபோது வெள்ளைச் சப்பாத்து வெள்ளையாக இல்லை. ஆனால் பல் எல்லாம் தெரிய நின்றார். அந்த நிமிஷம்தான் அவர் எங்கள் வீட்டு ஆளானார் என்று நினைக்கிறேன். அதன் பிறகு கீழேயே நின்று போனில் எங்களைப் படம் எடுத்தார்.

நான் இறங்கினேன். கண்ணில் பூ விழுந்தது. அதைத்தான் சொன்னேனே.

பிறகு தனு.

மட்டையில் உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். நான் கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே நின்ற வசந்தி "தள்ளவா?" என்று கேட்டாள். "தொட்டா கொன்னுருவேன்" என்று பதில் வந்தது. அப்புறம் அவளே காலை எடுத்தாள். மட்டை பறந்தது. புல்லுக்குள் முகம் மறைந்தது, தெரிந்தது, மறைந்தது... கீழே வந்து நின்றது.

நின்றதும் அழுதுவிட்டாள். பயமா, சந்தோஷமா, அவளுக்கே தெரிந்திருக்காது. உதடு துடிக்கிறது, கண்ணீர் கொட்டுகிறது. கண்ணீரோடு எழுந்தாள். மூக்கைத் துடைத்தாள். மலையைப் பார்த்துக் கத்தினாள்.

"இன்னொருக்கா!"

மட்டையை இழுத்துக்கொண்டு ஏற ஆரம்பித்துவிட்டாள்.

நான் எத்தனையோ வருஷமாக அந்த மலையில் ஏறுகிறேன். அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை.

*

மாப்பிள்ளை, வசந்தி எடுத்ததையும் சேர்த்து, அந்த வீடியோவைத் தன் பேஸ்புக்கில் முழுசாகத்தான் போட்டார். அதில் அவர் விழுந்ததும் இருந்தது, "இன்னொருக்கா"வும் இருந்தது. அதை யாரோ எடுத்தார்கள். ஏதோ ஒரு பேஜ். பெயர் எனக்குத் தெரியும், சொல்லவில்லை. தனு அழும் இடத்தில் வெட்டினார்கள். "இன்னொருக்கா" போய்விட்டது. வயலின் வந்துவிட்டது.

கீழே ஜனங்கள் எழுதியிருப்பதை வசந்தி வாசித்துக் காட்டினாள். கொஞ்சம் கேட்டேன். அதற்கு மேல் கேட்க முடியவில்லை.

அந்தப் பிஞ்சின் கண்ணீரைப் பார்த்து ஒருவருக்கு நெஞ்சு வெடிக்கிறதாம். உடுத்த ஒரு துணி கூட இல்லையே என்று ஒருவர் அழுகிறார். தோளில் இருக்கும் கிழிசலைத் தனியாகப் பெரிசாக்கி, சிவப்பு வட்டம் போட்டு, "இது யார் குற்றம்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

யார் குற்றமா? தனு குற்றம். கத்திரிக்கோல் எங்கள் வீட்டுக் கத்திரிக்கோல்.

இதைவிடப் பெரிய கூத்து, மாப்பிள்ளை. வீடியோ தொடக்கத்தில் வெள்ளைச் சப்பாத்தோடு நின்று சிரிக்கிறார் அல்லவா? அவரை எங்களுக்கு உதவி செய்ய வந்தவர் என்று நினைத்துவிட்டார்கள். நல்ல மனசு உள்ள அண்ணா, கடவுள் உங்களை ஆசீர்வதிப்பார் என்று வரிசையாக வாழ்த்து. மாமியார் வீட்டில் மூன்று வேளையும் கோழிக்கறி சாப்பிட்டுவிட்டுப் போனவர் அவர்!

சிரிப்பாகத்தான் இருந்தது... புதன்கிழமை வரை.

புதன்கிழமை தனு பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைப் போட்டாள். நேராக எங்கள் அடுப்படிக்கு வந்தாள். ஊறவைத்துக் காய வைத்திருந்த அவளுடைய மட்டையை எடுத்தாள். மடக்கினாள். அடுப்பில் வைத்தாள்.

"என்னாடி செய்யிற?"

"எரிக்கிறேன்."

"ஏன்?"

அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரம் இன்னும் இருந்தது. மட்டை புகைந்ததே தவிர எரியவில்லை.

"எல்லாரும் பாவம் புள்ளன்னு கூப்புடுறாங்க பெரியம்மா. என் கிளாஸ் மதுஷி அவ சோத்துல பாதிய எனக்கு எடுத்து வச்சா. நான் சோறு கொண்டு போயிருந்தேன். முட்டையோட. அப்பிடியும் வச்சா."

"நீ என்னா சொன்ன?"

"சாப்பிட்டேன். அவ அழுதா, அதான்."

அப்புறம் சொன்னாள், "இனி நா மலைக்கு வரமாட்டேன்."

இப்போது சொல்லுங்கள். அந்த பேஜ்காரர்கள் எங்கள் பிள்ளைக்கு என்ன கொடுத்தார்கள்? என்ன எடுத்தார்கள்?

*

எங்களுக்குக் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. லயத்துக் கூரை ஒழுகுகிறது. மழை பெய்தால் எங்கள் வீட்டில் சட்டி பானை எல்லாம் தரையில்தான் இருக்கும். ரோடு இருக்கும் லட்சணத்தில் பிரசவத்துக்குப் போன ஒரு பெண்ணுக்குப் பாதி வழியிலேயே பிள்ளை பிறந்தது. கொழுந்துக் கூடைக்குள் நாங்கள் எவ்வளவு போட்டாலும், எங்கள் தட்டில் எவ்வளவு விழுகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

அதை யார் படம் எடுத்தார்கள்?

கூரையைப் பற்றி இதே பத்திரிகையில், இதே பக்கத்தில் நான் எழுதியிருக்கிறேன். வாசகர்கள் ஒரு சிலர் கடிதம் போட்டார்கள். அவர்களுக்கு நன்றி. மாலுபான் கொண்டு வந்து யாரும் திணிக்கவில்லை. வயலினும் வாசிக்கவில்லை.

கஷ்டப்படும் இடத்தில் யாரும் எங்களைப் பார்க்கவில்லை. வருஷத்தில் ஒரு நாள் சந்தோஷமாக இருந்தோம். அங்கே வந்து பார்த்துவிட்டு, ஐயோ பாவம் என்கிறார்கள்.

கொழும்பில் முழங்கால் கிழிந்த ஜீன்ஸைக் கடையில் விலை கொடுத்து வாங்குகிறார்கள். நானே பார்த்திருக்கிறேன். அவர்களை பஸ் ஸ்டாண்டில் நிறுத்தி யாராவது மாலுபான் கொடுக்கிறார்களா? அவர்கள் கிழித்தால் பேஷன். நாங்கள் கிழித்தால் பஞ்சம். விளையாட்டுக்கு ஒரு சட்டையைக் கிழித்துக்கொள்ளும் உரிமை கூடவா எங்களுக்கு இல்லை?

*

வியாழக்கிழமை தலைவர் வந்தார். கோயில் கமிட்டித் தலைவர். நல்ல மனிதர். வாசலில் நின்றுகொண்டு வேட்டியைச் சரி செய்தார். அப்போதே தெரிந்தது, வில்லங்கம் என்று.

"அக்கா, சனிக்கெழம கொழும்புல இருந்து ஆளுங்க வாறாங்க. அந்த வீடியோவப் பாத்தவங்களாம். கோயில் மண்டபத்துல வச்சு நம்ம புள்ளைகளுக்கு ஸ்கூல் பேக் குடுக்கப் போறாங்க."

"நல்லது தானே தலைவரே. குடுக்கட்டும்."

"வீடியோல இருந்தவங்க முன்னுக்கு நிக்கணுமாம்."

"எதுக்கு?"

"போட்டோவுக்கு."

"சரி. வேற?"

தலைவர் கூரையைப் பார்த்தார். அங்கே ஓட்டைதான் இருந்தது.

"வேற... அன்னைக்கி போட்டிருந்தீங்கல்ல, அந்த உடுப்பு. அதே கிழிசலோட வரச் சொன்னாங்க. அப்பத்தான் பாக்குறவங்களுக்கு அடையாளம் தெரியுமாம்."

வீட்டுக்காரர் பிளேன்டீயைக் கீழே வைத்தார்.

"தலைவரே, அந்தச் சட்டைய அயர்ன் பண்ணிப் போட்டு வரணுமா, சும்மாவே வரலாமா?"

"கோவப்படாதீங்க அண்ணே. நீங்க வரலன்னா ப்ரோக்ராமையே நிப்பாட்டிருவாங்க போல இருக்கு. மத்த புள்ளைகளுக்கும் பேக் இல்லாமப் போயிரும். நான் என்னா செய்யட்டும்?"

அவரை என்ன சொல்வது? நடுவில் மாட்டிக்கொண்ட மனிதர். வருகிறோம் என்று சொன்னேன். எந்த உடுப்பில் என்று சொல்லவில்லை.

மாப்பிள்ளை வெள்ளிக்கிழமை கடைசி பஸ்ஸில் வந்து சேர்ந்தார். முகம் செத்துப் போயிருந்தது. "அத்தை, நான் போட்டத அன்னைக்கே எடுத்துட்டேன். அவங்க போட்டத எடுக்க மாட்டேங்கிறாங்க. எத்தனையோ தடவ எழுதிட்டேன்" என்றார்.

எனக்கு அவர் மேல் கோபம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் கல்யாணம் கட்டி ஒரு வருஷம் ஆகாத மாப்பிள்ளையை மாமியார் ஏச முடியுமா? எங்கள் பக்கம் அப்படி ஒரு வழக்கம் இல்லை. "சாப்பிடுங்க மாப்பிள்ளை" என்றேன். தட்டில் ஒரு முட்டை வைத்தேன். பேசாமல் இன்னொன்றும் வைத்தேன். வசந்திக்குப் புரிந்தது. "அம்மா பயங்கரக் கோவத்துல இருக்காங்க" என்று அவர் காதில் சொன்னது எனக்குக் கேட்டது.

மாப்பிள்ளை இரண்டு முட்டையையும் தலை நிமிராமல் தின்றார்.

*

சனிக்கிழமை காலையில் பெட்டியைத் திறந்தேன். வசந்தி கல்யாணத்துக்குக் கட்டிய பட்டை எடுத்தேன். மூக்குத்தியைத் துடைத்துப் போட்டேன். வீட்டுக்காரர் பட்டு வேட்டியும் வெள்ளைச் சட்டையும் எடுத்தார். தனு வரமாட்டேன் என்று தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"பொங்கல் சட்டையப் போட்டுக்கிட்டு வாடி" என்றேன்.

"அழுவுற மாதிரி நிக்கச் சொன்னா?"

"நிக்காத."

கொஞ்சம் யோசித்தாள். தூணை விட்டாள்.

மண்டபத்தில் பேனர் கட்டியிருந்தார்கள். பேனரில் தனுவின் அழுத முகம். நான் அவள் கையைப் பிடித்தேன்.

வந்த கூட்டத்தை நடத்தியவர் ஒரு சார்; எங்கள் பக்கம் சேர் என்போம். இளவயதுதான். சுத்தமான தமிழ், மரியாதையான பேச்சு. கெட்டவராகத் தெரியவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் எங்களைத் தாண்டிப் போனார். மறுபடி தாண்டி வந்தார்.

"அந்த வீடியோல இருந்த குடும்பம் இன்னும் வரலையா?" என்று எங்கள் முன்னால் நின்றே தலைவரிடம் கேட்டார்.

தலைவர் வாயைத் திறக்கும் முன், சேர் தூரத்தில் எதையோ கண்டுபிடித்துவிட்டார். "அதோ! அவர்தானே?" கேமராக்காரரும் அவருமாக மண்டபக் கோடிக்கு ஓடினார்கள்.

நானும் திரும்பிப் பார்த்தேன்.

தூணுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை. வீட்டுக்காரரின் சட்டையில். கொலரும் பொக்கெட்டும். நடுவில் முழு மாப்பிள்ளையும் தெரிகிறார். காலில் சப்பாத்தும் இல்லை. காலையில் அடுப்படிக்குப் பின்னால் மாமனாரும் மருமகனும் என்ன குசுகுசுத்தார்கள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

சேர் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கேமரா கிட்ட வந்தது.

"அண்ணா, எந்த லயத்துல இருக்கீங்க?"

"லயம் இல்லீங்க. வத்தளை."

"...வத்தளையா?"

"ஆமா சேர். ஹெந்தளைப் பக்கம். கோயில் ரோட்டுக்குப் பின்னால."

சேருடைய வாய் கொஞ்சம் திறந்தபடி நின்றது. "நானும் அங்கதான்..." என்றார் மெதுவாக.

"அப்பிடியா? அப்ப நாம பக்கத்து வீடு மாதிரி. நீங்க எதுக்கு சேர் இவ்வளவு தூரம் வந்தீங்க? சொல்லியிருந்தா நானே கிழிஞ்ச சட்டையோட உங்க வீட்டுக்கு வந்திருப்பேனே."

மண்டபம் சிரித்தது. முதலில் வசந்தி, பிறகு பெண்கள் எல்லோரும். தலைவர் துண்டால் வாயை மூடிக்கொண்டார். தனுவின் கை என் கைக்குள் குலுங்கியது. திரும்பிப் பார்த்தேன். புதன்கிழமைக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரிக்கிறாள்.

சேரும் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "நாங்க நல்ல எண்ணத்துலதான் செஞ்சோம்" என்றார். நம்புகிறேன். ஆனால் நல்ல எண்ணத்துக்கு வாய் இருக்கிறது தானே? அது ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். ஏன் எல்லோரும் கிழிந்த சட்டை போட்டிருக்கிறீர்கள் என்று. நாங்கள் சொல்லியிருப்போம்.

பிறகுதான் அவர் தனுவை அடையாளம் கண்டார். பேனரைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். மைக்கை நீட்டினார். "பாப்பா, உங்களுக்கு என்ன வேணும்? எது வேணும்னாலும் கேளுங்க."

தனு என் முகத்தைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளிடம்தான் கேட்டார்கள்.

"கடைசில வெட்டிட்டீங்க" என்றாள்.

"எதை பாப்பா?"

"நா அழுதேன். பொறகு இன்னொருக்கான்னு சொன்னேன். அத வெட்டிட்டீங்க. அத போடுங்க."

மைக்கில் அது மண்டபம் முழுக்கக் கேட்டது. வெளியிலும் கேட்டிருக்கும்.

எங்கள் பேஜ் அது இல்லை, சொல்லிப் பார்க்கிறேன் என்றார் சேர். இதை எழுதும் வரை போடவில்லை. அழுத துண்டு மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வயலினோடு.

பேக் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தார்கள். நல்ல பேக். தனுவும் வரிசையில் நின்று வாங்கினாள். பேக் மேல் எனக்கு என்ன கோபம்?

*

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மலைக்குக் கிளம்பினோம். மாப்பிள்ளை அந்தச் சட்டையைக் கழற்றவே இல்லை. வீட்டுக்காரர் கேட்டுப் பார்த்தார். "இந்த வருசம் எனக்கு மாமா" என்று சொல்லிவிட்டார். நான் ஒரு முட்டைதான் வைத்தேன். அவருக்கு விஷயம் புரிந்தது. நிமிர்ந்து சாப்பிட்டார்.

தனு வருவாளா என்று யாரும் கேட்கவில்லை. மட்டை ஒன்று கூடுதலாக ஊறப் போட்டிருந்தோம். அதை அவள் வீட்டு வாசல் வழியாக, கொஞ்சம் மெதுவாகவே தூக்கிக்கொண்டு போனோம்.

தேயிலை மலை முடியும் இடத்தில் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. வந்தாள். ஆனால் பொங்கல் சட்டையில் வந்தாள். கழுத்தில் லேஸ் வைத்த மஞ்சள் சட்டை.

"கிழிஞ்சது போடமாட்டேன்" என்றாள். முதல் வார்த்தையே அதுதான்.

"சரி" என்றேன்.

அந்தப் பிள்ளை மலைக்குக் கூட இனி ஊர் பார்க்கிற மாதிரி உடுத்திக்கொண்டுதான் வருமா? மேலே வந்ததும் கிழிசல் போட்டியைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. வரிசையில் நிற்கவும் இல்லை. வீட்டுக்காரர் புல்லை நடந்து பார்த்தார். குடுமி கட்டினார். இறங்கினார். "வரலாம்!" என்றார்.

புல் போன வாரத்தைவிட நன்றாகக் காய்ந்திருந்தது. தடம் பளபளத்தது. தனு சட்டையை முழங்காலுக்குக் கீழே இழுத்து ஒழுங்காக மடக்கிக்கொண்டு மட்டையில் உட்கார்ந்தாள். கோயிலில் உட்காருகிற மாதிரி. இறங்கினாள்.

வேகம் பிடித்ததும் ஒழுங்கு எல்லாம் போய்விட்டது. கை மேலே போனது. கால் மேலே போனது. கீழே வந்தபோது மட்டை பக்கவாட்டில் திரும்பி, அவள் உருண்டு, மானாப்புல்லுக்குள் காணாமல் போனாள். 'சர்...' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. துணிச் சத்தம். எங்கள் எல்லோருக்கும் தெரிந்த சத்தம்.

எழுந்தாள். குனிந்து சட்டையைப் பார்த்தாள். இடுப்பிலிருந்து கீழே விளிம்பு வரை ஒரே கிழிசல். வளைந்து வளைந்து, நூல் தொங்கிக்கொண்டு.

மாப்பிள்ளை போனைத் தொடக்கூட இல்லை.

தனு அந்தக் கிழிசலை இரண்டு கையாலும் விரித்து மேலே தூக்கிக் காட்டினாள்.

"வசந்தி அக்கா! நல்லாப் பாரு! இது கத்திரி இல்ல!"

பிறகு மட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு ஏற ஆரம்பித்தாள். பாதி மலையில் நின்று கத்தினாள்.

"இன்னொருக்கா!"

பொங்கல் சட்டைக்காகத் தங்கச்சி இன்னும் என்னோடு பேசவில்லை. அது நியாயமான கோபம்.